இடது வட்டத்தில் ஒரு பெருக்கல் குறி

“எந்த வருசம் எடுத்தாங்க?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது. கலாதேவி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் வேறு யாரும் இல்லை. தன்னைத்தான்.

“எதை எடுத்தாங்க?”

“இடது மார்பகம், அக்கா.”

“யாரும் எடுக்கல தம்பி. பொறந்ததுல இருந்தே எனக்கு அந்தப் பக்கம் கெடையாது.”

விசைப்பலகை மேல் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. ரஜீவ் என்று பெயர் வில்லை குத்தியிருந்த அந்த வாலிபன் கணினித் திரையைப் பார்த்தான். கலாதேவியின் முகத்தைப் பார்த்தான். இரண்டில் திரையைத்தான் நம்பினான்.

“கெடையாதுன்னு போட இங்க கட்டம் இல்லக்கா. எந்த வருசம் எடுத்தாங்கன்னுதான் கேக்குது.”

“கேக்கட்டும்லா. எடுக்காததுக்கு நான் எந்த வருசத்தைச் சொல்ல?”

“அதான் சுசா, கஷ்டம்க்கா,” என்றான் ரஜீவ், உண்மையான வருத்தத்தோடு.

ஈப்போ, புக்கிட் செரோஜா மருத்துவமனை. கீழ்த்தளம். நோயாளர் பதிவு மற்றும் குறியீட்டுப் பிரிவு. ஜன்னல் கிடையாது. உள்ளே வரும் கதவு ஆளைக் கண்டதும் தானாகத் திறக்கும். வெளியே போகும் கதவுக்கு ஊழியர் அட்டை வேண்டும். சுவரில் மூன்று மொழிகளில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: ‘எழுதாதது நடக்காதது.’

கலாதேவிக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு புந்தோங்கில். வேலை லகாட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரப் பரிசோதகர். காற்று நிரப்பிய கையுறைகள் வரிசையாக வரும். ஓட்டை இருக்கிறதா, விரல் ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். இடது பக்கம் தட்டையாகத்தான் பிறந்தாள், தட்டையாகத்தான் வளர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பே கணவன் மகேந்திரனிடம் சொல்லியாயிற்று. அவன், “எனக்கும் ஒரு காது சரியா கேக்காது, சரியாப் போச்சு,” என்றான். ஒரு பக்கப் பாலிலேயே ஒரு மகளை வளர்த்து பாலிடெக்னிக்குக்கும் அனுப்பிவிட்டாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அந்த இடது பக்கம் அவளுக்கு ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை.

தொல்லை வலது பக்கத்திலிருந்து வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

சுகாதாரக் கிளினிக் டாக்டர் அழுத்திப் பார்த்தார், பேச்சைக் குறைத்தார், கடிதம் எழுதினார். இரண்டு வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும். ‘உடனடி’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு. அந்தக் கடிதத்தோடு புக்கிட் செரோஜாவுக்கு வந்தாள். இங்கே டாக்டர் மாதுமை நன்றாகவே பார்த்தார், நன்றாகவே பேசினார். பிறகு பரிசோதனைத் தாளை எடுத்தார். அதில் அச்சடித்த இரண்டு வட்டங்கள் இருந்தன. வலது வட்டத்தில் கட்டி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். இடது வட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அந்தப் பெருக்கல் குறிதான் வினை.

புக்கிட் செரோஜாவில் அந்த வட்டங்களுக்கு மூன்றே அடையாளங்கள் உண்டு. புள்ளி என்றால் கட்டி. பெருக்கல் என்றால் அறுவை செய்து அகற்றப்பட்டது. வெறுமனே விட்டால் பரிசோதிக்கப்படவில்லை. நான்காவதாக ஒரு வகைப் பெண் உலகத்தில் பிறப்பாள் என்று தாளை அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை.

அகற்றியிருந்தால் தேதி வேண்டும், டாக்டர் பெயர் வேண்டும், காரணம் வேண்டும். மூன்று கட்டங்கள் காலி. காலிக் கட்டம் இருந்தால் கோப்பு முழுமையடையவில்லை. கோப்பு முழுமையடையாவிட்டால் ஸ்கேனுக்குத் தேதி கிடையாது. தேதி கொடுக்கும் கவுண்டரில் திரை சிவப்பானதும் அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

“பொறவியிலயே இல்லன்னா அதுக்குத் தனிக் குறியீடு இருக்குக்கா,” என்றான் ரஜீவ். “உலகம் பூரா அதான். டாக்டர் ‘பிறவி’ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா போதும். நான் குறியீட்டுக்காரன். எழுதினதுக்குத்தான் நம்பர் போடுவேன். ஆளைப் பாத்து நம்பர் போடக்கூடாது.”

“நான் முன்னாடிதானே நிக்கிறேன் தம்பி.”

“அதான். உங்களப் பாக்கவே கூடாது. இந்தக் கண்ணாடியே அதுக்குத்தான்.”

அவனே எழுந்து வந்து அட்டை காட்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

டாக்டர் மாதுமை தலையில் அடித்துக்கொண்டார். “சாரி அக்கா, எல்லாரும் அப்படித்தான் போடுவோம்,” என்று சொல்லித் தாளின் ஓரத்தில் அழகாக எழுதினார்: ‘இடது மார்பகம் பிறவியிலேயே இல்லை.’ கையெழுத்து, முத்திரை, தேதி. கலாதேவி தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். கதவு தானாகத் திறந்தது.

ரஜீவ் படித்தான். முகம் சுருங்கியது.

“அக்கா, நீங்க எந்த வருசம்?”

“எண்பத்து மூணு.”

“டாக்டர் பொறந்தது தொண்ணூத்தாறு.” குரலைத் தாழ்த்தினான். “நீங்க பொறக்குறப்ப அவங்க பக்கத்துல இல்ல. அவங்களே அப்ப பொறக்கல. பாக்காததை எப்படி எழுதினாங்கன்னு தணிக்கையில கேப்பாங்க. முப்பத்தோராவது விதி. வயசு வந்தவங்களுக்குப் பிறவிக் குறியீடு போடணும்னா, பொறந்தப்ப எழுதின தாள் வேணும்.”

பிறந்தபோது எழுதிய தாள் இருந்திருக்க வேண்டிய இடம், தெலுக் இந்தான் போகும் வழியில் எட்டாங்கட்டைத் தோட்டத்துக் கிளினிக். சனிக்கிழமை மகேந்திரன் மோட்டார் சைக்கிளில் அவளை அழைத்துப் போனான். ரப்பர் பால்மரக் காடு இருந்த இடத்தில் தாமான் குடியிருப்பு இருந்தது, ஒரே மாதிரி இருநூறு வீடு. கிளினிக் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. கடைக்காரர் விவரத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தாளெல்லாம் தெரியாதுண்ணே. மோட்டாரை வேணா கழுவித் தாரேன்,” என்றார். மகேந்திரன் கழுவிக்கொண்டான். அன்றைய பயணத்தில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

“தாள் காணாமப் போச்சுன்னா போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் பண்ணுங்கக்கா,” என்றான் ரஜீவ், திங்கட்கிழமை. “ஐசி கார்டு தொலைஞ்சா பண்றோம்ல, அது மாதிரி.”

போலீஸ் நிலையத்தில் கலாதேவி கதை முழுவதையும் சொன்னாள். கார்ப்பரல் நடுவயதுக்காரர், மலாய்க்காரர், பொறுமைசாலி. இரண்டு விரலால் தட்டச்சு செய்து, திரும்பப் படித்தும் காட்டினார். மனுதாரருக்குப் பிறவியிலேயே இடது மார்பகம் இல்லை. இல்லாத காரணத்தால் அதை அவர் தொலைக்கவும் இல்லை. அதைப் பற்றிய தாள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. இத்தனை நாளில் அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிய ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அறிக்கையின் தலையில் ‘வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. திருட்டு, விபத்து, இழப்பு என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் தாள் அச்சாகும். கார்ப்பரல் பெருமூச்சு விட்டு ‘இழப்பு’ என்பதை அழுத்தினார்.

ரஜீவ் தலைக் கட்டத்தை மட்டும் படித்தான். விதிப்படி அவன் அதை மட்டும்தான் படிக்க வேண்டும்.

“போலீஸே இழப்புன்னு சொல்லிட்டாங்க,” என்றான் தளர்ந்துபோய். “இனி என் கையில இல்லக்கா. தரக்குழுவுக்குப் போகுது. பொறந்தப்ப பாத்த ஆள் யாராவது உயிரோட இருந்தா கூட்டிட்டு வாங்க.”

இதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. ‘உடனடி’யின் கீழிருந்த இரண்டு கோடும் மடிப்பில் தேய்ந்துகொண்டிருந்தன. தினமும் குளிக்கும்போது விரல் தானாக அந்த இடத்துக்குப் போனது. தொழிற்சாலையில் நாளுக்கு ஆயிரக்கணக்கான கையுறையைத் தொட்டுப் பார்த்துக் குறை சொல்லும் விரல் அது. பொய் சொல்லாது. புளியங்கொட்டை இப்போது கொட்டைப்பாக்காகியிருந்தது.

பிறந்தபோது பார்த்த ஆள் உயிரோடுதான் இருந்தார். எழுபது வயது. பெயர் செல்லாயி. பெற்றவரே அவர்தான்.

தரக்குழு அறையில் நீள மேசை. நடுவில் திரு. ஐயாத்துரை, பிரிவின் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவரின் பேரன். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. அவருக்குப் பின்னால் அலமாரி நிறையக் கேடயங்கள். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் எழுதினார், மற்றவர் எழுதியதைச் சரிபார்த்தார். மேசை முனையில் ரஜீவ்.

“அம்மா, நீங்கள் சாட்சி சொல்ல முதல் உங்கட பதிவு எண்ணைச் சொல்லுங்கோ,” என்றார் ஐயாத்துரை.

“எனக்கு ஏதுய்யா நம்பர்? நான் நோயாளி இல்ல.”

“எண் இல்லாத ஆள் சொல்லுறதை எங்க பதியிறது? முதல்ல நோயாளியாப் பதியுங்கோ.”

பதிய ஒரு நோய் வேண்டும். செல்லாயி யோசித்து, “முட்டி வலின்னு போட்டுக்க,” என்றார். அவ்வளவுதான். காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லாத கோப்பு. பத்து நிமிடத்தில் எண் வந்தது, கையில் பட்டை வந்தது, நடந்து வந்தவரைத் தள்ளிக்கொண்டு போகச் சக்கர நாற்காலியும் வந்தது. அன்று மாலையே எக்ஸ்ரே. ஆறு மாதத்துக்கு வாராவாரம் உடற்பயிற்சிச் சிகிச்சை. ஐந்து வாரமாக நடந்துகொண்டிருந்த கலாதேவி தன் தாயின் கைப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப சொல்லுங்கோ.”

“காலையில வேலைக்கு ஆளெடுக்குற பெரட்டுல நின்னேன். பேரு கூப்புடுறப்ப வலி கண்டுச்சு. கிளினிக்கு டிரஸ்ஸரைக் கூப்புட ஆளு ஓடுச்சு. அவரு வாரதுக்குள்ள இவ வந்துட்டா. குளிப்பாட்டுறப்பவே பாத்தேன். எல்லாப் புள்ளைக்கும் ரெண்டு பக்கமும் பொட்டு மாதிரி இருக்கும்ல, இவளுக்கு ஒரு பக்கந்தான். டிரஸ்ஸர்கிட்ட காட்டுனேன். ஒண்ணும் ஆகாது, பால் குடுன்னாரு.”

“டிரஸ்ஸர் எழுதினவரோ?”

“அவரு எழுதுனாரா பாக்குறதா என் வேலை? நான் பெத்துட்டுப் படுத்திருக்கேன்.”

எழுதுபவர் எழுதினார்: ‘எழுதியது உறுதியில்லை.’ சரிபார்ப்பவர் சரிபார்த்தார்.

“பிறக்கேக்க எந்தப் பிள்ளைக்கும் தட்டைதானே அம்மா,” ஐயாத்துரை கனிவாகச் சொன்னார். “பிறகு ஆரும் அகற்றி இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம்.”

“எனக்குத் தெரியாம எவன்யா வந்து எடுப்பான், கிராணி? அது என்ன வேலிக்கு வெளிய தொங்குற ரம்புத்தானா?”

தோட்டத்து எழுத்தரைக் கூப்பிடுவது போலக் கிராணி என்று அழைக்கப்பட்டதில் ஐயாத்துரையின் முகம் ஒருகணம் கறுத்தது. ரஜீவ் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். அவன் போட்டிருந்தது கயிறில்லாத காலணி.

கலாதேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சார், எங்க பேக்டரியில சில நேரம் நாலு விரலோட கையுறை வரும். அஞ்சாவது விரலை யாரு வெட்டுனான்னு நாங்க தேட மாட்டோம். அச்சுலயே இல்லன்னு எழுதி ஒதுக்கிட்டு, மத்ததைப் பாப்போம். எனக்கு இடது பக்கம் பத்திக் கவலையே இல்ல. வலது பக்கத்துல கட்டி இருக்கு. அதை மட்டும் பாருங்க சார். பெருசாகிக்கிட்டே போகுது.”

ஐயாத்துரை பேனாவை மூடினார். அவர் பேசப்போகிறார் என்று அறிந்து உறுப்பினர்கள் இருவரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார்கள்.

“இஞ்ச பாருங்கோ. நான் இந்தப் பிரிவைப் பொறுப்பெடுத்து ஒன்பது வருசம். முதல் வருசம் நூற்றுக்கு அறுபது கோப்பு அரைகுறை. வெட்கக்கேடு. இண்டைக்கு முழு மருத்துவமனையிலையும் ஒரு காலிக் கட்டம் இல்லை. எப்பிடிச் செய்தனாங்கள்? கட்டம் நிரம்பாத ஆக்களுக்குத் தேதி குடுக்கிறதில்லை. தேதி இல்லாட்டி அவை வாறதில்லை. வராட்டி கோப்பை மூடலாம். மூடின கோப்பில காலிக் கட்டம் கணக்கில வராது. பின்னால இருக்கிற கேடயங்களைப் பாருங்கோ. மூன்று வருசம் தொடர்ந்து.”

“வராமப் போனவங்க என்ன ஆனாங்க சார்?”

ஐயாத்துரை அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்தார்.

“அது எங்கயும் எழுதப்படேல்லை,” என்றார்.

முடிவு அன்றே வந்தது. பிறவி எனக் கொள்ள ஆவணமில்லை. சாட்சி முட்டி வலி உள்ளவர். காவல்துறை ‘இழப்பு’ என உறுதிப்படுத்தியுள்ளது. ஆகவே ‘அகற்றப்பட்டது’ என்பதே நிற்கும். அகற்றிய தேதியை நோயாளி தெரிவிக்க வேண்டும். அதுவரை வலது பக்கத்துக்குத் தேதி இல்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் போனார்கள். செல்லாயியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கலாதேவி வெளியே போகும் கதவுக்கு முன்னால் நின்றாள். அட்டை இல்லை. கதவு திறக்கவில்லை. கண்ணாடியில் கையை வைத்து அழுத்தினாள், பிறகு நெற்றியை வைத்தாள்.

பின்னால் ரஜீவ் வந்து நின்றான். அட்டையை எடுத்தவன் கதவில் காட்டவில்லை.

“அக்கா. எங்கம்மாவுக்கும் இந்த மாதிரிதான் ஒரு கட்டி. வேற ஆஸ்பத்திரி. சீக்கிரம் பாத்ததால இருக்காங்க.” தன் கணினிப் பக்கம் கண்ணைக் காட்டினான். “சிஸ்டத்துக்கு ரொம்ப அறிவெல்லாம் இல்ல. தேதி நீங்க பொறந்ததுக்கு முன்னாடி இருக்கக்கூடாது. இன்னைக்குப் பின்னாடி இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். கட்டம் நெறைஞ்சா பச்சையாயிரும்.”

“பொய் சொல்லச் சொல்றியா தம்பி?”

“நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்றதை எழுதுவேன். என் வேலை அதான்.”

கலாதேவி கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

“சரி, எழுது. எடுத்த தேதி: எண்பத்து மூணு, ஆகஸ்டு பதினாலு.”

“அது உங்க பொறந்த நாள்.”

“முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்லல்ல?”

ரஜீவ் கணினி முன் போய் உட்கார்ந்து தட்டினான். திரை ஏற்றுக்கொண்டது.

“இடம்?”

“எட்டாங்கட்டைத் தோட்டம்.”

“செய்தவர் பேரு?”

“செல்லாயி.”

“பதிவு எண் கேக்குது அக்கா.” சொல்லும்போதே அவன் கண் விரிந்தது. எண் இருந்தது. காலையில்தான் கொடுத்திருந்தார்கள். மருத்துவருடைய எண்ணா, முட்டி வலிக்காரருடைய எண்ணா என்று திரை கேட்கவில்லை. இலக்கம் எட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது.

கடைசிக் கட்டம், காரணம். கட்டி, காயம், தொற்று, மற்றவை. மற்றவை என்றால் தரக்குழுவுக்கு விளக்கம் எழுத வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஜீவ் ‘கட்டி’யை அழுத்தினான்.

திரை பச்சையானது. ஸ்கேன், நாளை காலை எட்டரை.

மறுநாள் எல்லாம் மின்னலாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் துணுக்குத் தசை எடுத்தார்கள், பத்து நாளில் முடிவு என்றார்கள். பத்தாவது நாள் கலாதேவியும் மகேந்திரனும் கவுண்டரில் நின்றார்கள். முடிவு வந்திருந்தது. உறையில் இருந்தது. உறை மேசையில் இருந்தது. கவுண்டர் பெண் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு திரையைப் படித்தாள்.

“ஏற்கெனவே கட்டிக்காக இடது எடுத்திருக்கு. இப்ப வலதுல கட்டி. அப்ப இது மறுவருகை. மறுவருகைன்னா முதல் ஆபரேஷன் அறிக்கை சேராம முடிவைத் தரக்கூடாது. டாக்டருக்குக் கடுதாசி அனுப்பியாச்சு.”

“எந்த டாக்டருக்கு?” என்றான் மகேந்திரன், நல்ல காதைத் திருப்பி.

கடிதம் மூன்றாம் நாள் புந்தோங் வீட்டுக்கு வந்தது. ‘மதிப்புக்குரிய டாக்டர் செல்லாயி அவர்களுக்கு. தாங்கள் நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த அறுவை சிகிச்சையின் அறிக்கையைப் பதினான்கு நாட்களுக்குள் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ கலாதேவி படித்துக் காட்டினாள். மூன்று இரவாகத் தூங்காத குரல்.

செல்லாயி முட்டிப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மகளின் பையிலிருந்து பேனா எடுத்து, கடிதத்தின் பின்பக்கத்திலேயே, குண்டு குண்டாக எழுதினார்:

‘நான்தான் பெத்தேன். ஒண்ணுதான் வச்சேன். அந்த ஒண்ண ஒழுங்காப் பாருங்க. இப்படிக்கு செல்லாயி.’

கீழே, கைப்பட்டையைப் பார்த்து, தன் எட்டு இலக்க எண்ணையும் எழுதினார்.

குறியீட்டுப் பிரிவில் அந்தத் தாளை ரஜீவ் இரண்டு முறை படித்தான். பிறகு ஐயாத்துரையிடம் கொண்டுபோனான். ஐயாத்துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரிபார்த்தார். பெயர் இருந்தது. எண் இருந்தது. கையொப்பம் இருந்தது. நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்பது மருத்துவ விஷயம். அதில் தலையிட அவருக்கு அதிகாரம் இல்லை. ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தினார்.

உறை திறந்தது. டாக்டர் மாதுமை படித்தார். நிமிர்ந்து கலாதேவியைப் பார்த்தார்.

“புற்று இல்லக்கா. சாதாரணக் கட்டி. எடுக்கக்கூட வேணாம். ஆனா வளர்ந்திருக்கு, அதனால வலது பக்கத்தை ஆறு மாசத்துக்கு ஒருக்கா கண்டிப்பாப் பாக்கணும்.”

மகேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெட்ட காதையும் திருப்பி, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

அந்த வாரம் ஐயாத்துரையே தொலைபேசியில் அழைத்தார். நாற்பத்திரண்டு வருடம் புற்றிலிருந்து தப்பி வாழ்ந்த நோயாளி புக்கிட் செரோஜாவின் பெருமை என்றார். விருது விழாவில் கலாதேவியும் அவருடைய அறுவை மருத்துவரும் மேடை ஏற வேண்டும் என்றார். “எனக்குப் புத்துநோயே வந்ததில்ல சார்,” என்றாள் கலாதேவி. “அந்த அடக்கம்தான் உங்களிட்ட எனக்குப் பிடிச்சது,” என்றார் ஐயாத்துரை. செல்லாயி பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னார்: “மேடைக்குப் படி இருந்தா வரமாட்டேன்னு சொல்லுடி அந்தக் கிராணிகிட்ட.”

ஆறு மாதம் கழித்து அழைப்பு வந்தது. கலாதேவி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். கவுண்டரில் சீட்டைக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தாள்.

“இதுல இடது பக்கம்னு போட்டிருக்கு?”

“கட்டிக்காக எடுத்த பக்கம். ஆயுசு பூரா ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும். தானாவே தேதி விழுந்துரும்.”

“வலதுதானே பாக்கணும்னு டாக்டர் சொன்னாங்க.”

“வலதுல புற்று இல்லன்னு முடிவு வந்துருச்சே. அந்தக் கோப்பு மூடியாச்சு. மறுபடி திறக்கணும்னா புதுசா கடிதம் வேணும். கடிதம் கொண்டாந்து கீழ்த்தளத்துல குடுத்தா,” கவுண்டர் பெண் விரலால் தரையைக் காட்டினாள், “பிறவியா, அகற்றினதான்னு மறுபடி பாப்பாங்க.”

கலாதேவி கீழ்த்தளத்துக்குப் போகும் படிக்கட்டைப் பார்த்தாள். அங்கே போகும் கதவு தானாகத் திறந்து மூடியது. யாரோ ஒரு பெண் கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பரிசோதனை அறையில் டாக்டர் மாதுமை சீட்டை வாங்கிப் படித்தார். கலாதேவியைப் படுக்கச் சொன்னார். பசை தடவி, ஸ்கேன் கருவியை இடது பக்கத்துத் தட்டையான தோலின் மேல், விலா எலும்புகளின் மேல், முறைப்படி வைத்தார். திரையில் ஒன்றும் இல்லை. எப்போதும் போல.

பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து கருவியை வலது பக்கத்துக்கு நகர்த்தினார்.

“டாக்டர், அது சீட்டுல இல்லியே.”

“எழுதினாத்தானே அக்கா நடந்தது.”

அவசரப்படவில்லை. அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி அளந்தார், திரும்பவும் அளந்தார். கலாதேவி கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். மூச்சு விடுவது கூட எங்காவது பதிவாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

“பழைய அளவுதான். வளரல. நல்லா இருக்கீங்க.”

துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்துவிட்டு, டாக்டர் பேனாவை எடுத்தார். தாளில் அதே இரண்டு வட்டங்கள். இடது வட்டத்தில் பெருக்கல் குறி போட்டு எதிரே எழுதினார்: ‘முன்பு இருந்தபடியே உள்ளது. மாற்றம் இல்லை.’ வலது வட்டத்தை வெறுமையாக விட்டார்.

கவுண்டரில் தாளை நீட்டினாள். திரை பச்சையானது. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. இடது பக்கத்துக்கு அடுத்த ஆறு மாதத் தேதி அச்சாகி வந்தது. கலாதேவி அதை வாங்கி, அம்மாவின் முட்டி வலிச் சீட்டோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.